நுரையீரலில் தெரியும் கட்டி எங்கிருந்து வந்தது?

சி.டி. ஸ்கேன் அறிக்கையின் கடைசிப் பத்தியில் ‘மல்டிபிள் பைலேட்டரல் பல்மனரி நாட்யூல்ஸ், சஜஸ்டிவ் ஆஃப் மெட்டாஸ்டேசிஸ்’ என்று ஒரு வரி இருந்தால், இரண்டு நுரையீரல்களிலும் பல முடிச்சுகள் தெரிகின்றன, அவை வேறோர் உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றுநோயாக இருக்கக்கூடும் என்று பொருள். அந்த வரியைப் படித்த குடும்பம் பெரும்பாலும் அதற்கு மேல் எதையும் படிப்பதில்லை. நான் ஒரு திசு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுபவள் என்பதால், உறவிலும் தெருவிலும் யாருக்கு எந்த அறிக்கை வந்தாலும் அது சுற்றிவளைத்து என் கைக்கு வந்து சேரும். என் அக்காவின் அறிக்கையும் அப்படித்தான் வந்தது. அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் வைத்தல் எல்லாம் முடிந்து, வீடும் தையல் வேலையுமாக இயல்புக்குத் திரும்பியிருந்தார். நுரையீரலில் கட்டி தெரிகிறது என்பது பாதிச் செய்திதான் என்பதை அக்காவின் வீட்டில் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் இங்கே எழுதியும் வைக்கிறேன். அது எந்த உறுப்பில் தோன்றியது, அந்த உறுப்பில் வரும் புற்றுநோய்களில் எந்த வகையைச் சேர்ந்தது என்ற மறுபாதி தெரியாதவரை, இத்தனை மாதம்தான் என்று சொல்வதற்கோ, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரிப்பதற்கோ யாருக்கும் ஆதாரம் கிடையாது.

அக்காவைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். “வீட்டுல யாரும் பீடி, சிகரெட் தொடமாட்டீங்களே, அப்புறம் எப்படி நுரையீரல்ல வந்துச்சு?” நுரையீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க்கும், மார்பகத்திலோ குடலிலோ சிறுநீரகத்திலோ தோன்றி நுரையீரலில் போய்த் தங்கிய புற்றுநோய்க்கும் பெயரில் மட்டும் வேறுபாடு இல்லை. மார்பகத்தின் பால் நாளங்களில் பிறழ்ந்து பெருகிய செல், இரத்தத்தில் பயணம் செய்து நுரையீரலுக்குப் போனாலும் அங்கே மார்பகச் செல்லின் இயல்புகளையே பெரும்பாலும் தக்க வைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் வாங்கிகள் அதில் முன்பு இருந்தன என்றால் நுரையீரலிலும் பெரும்பாலும் இருக்கும். அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு அது அங்கேயும் கட்டுப்படும். நுரையீரல் புற்றுநோய்க்கென்று உள்ள மருந்தை அதற்குக் கொடுத்தால் பெரும் பயன் கிடைக்காது. மருத்துவர்கள் இதை ‘நுரையீரலுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்’ என்று நீட்டிச் சொல்வதன் காரணம் இதுதான். சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்தத் தொடரின் பிற்பாதி.

பரவுவதற்கு எத்தனையோ உறுப்புகள் இருக்க, நுரையீரலுக்கே இத்தனை முறை ஏன் பரவுகிறது என்பதற்கு முதல் விடை இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. கை, கால், தலை, வயிறு என உடலின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் சிரைகள் வழியாகத் திரும்பும் இரத்தம் இதயத்தின் வலப்பக்க அறைகளுக்கு வந்து, அங்கிருந்து முழுவதும் நுரையீரலுக்குத்தான் செலுத்தப்படுகிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் உடலில்கூட நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இப்படி நுரையீரலின் தந்துகிகளைக் கடந்து போகிறது. அந்தத் தந்துகிகளின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. பல புற்றுநோய்ச் செல்கள் அதைவிடப் பெரியவை. ஆகவே கட்டியிலிருந்து கழன்று சிரைக்குள் விழுந்த செல் முதலில் சிக்கிக்கொள்ள வாய்ப்புள்ள இடம் நுரையீரல்.

இந்த வழித்தடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பல அறிக்கைகள் விளங்கிவிடும். சிறுநீரகத்தின் சிரை நேராகப் பெருஞ்சிரையில் கலப்பதால் சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்குப் போவது மிகவும் வழக்கம். குழந்தைகளிடமும் பதின்பருவத்தினரிடமும் வரும் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோயும் அப்படித்தான். பெருங்குடலின் இரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவதால் குடல் புற்றுநோய் பெரும்பாலும் கல்லீரலில்தான் முதலில் தென்படுகிறது. ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் சிரைகளில் சில கல்லீரலைத் தொடாமலே பெருஞ்சிரைக்குப் போய்விடுவதால், அங்கே தோன்றும் கட்டி கல்லீரலைத் தாண்டி முதலிலேயே நுரையீரலில் தெரிவதுண்டு. “கல்லீரல் சுத்தமாக இருக்கிறது என்றார்களே, அப்படியானால் நுரையீரலில் இருப்பது வேறு நோயாக இருக்குமோ?” என்று மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவரின் மகன் என்னிடம் கேட்டபோது, நான் காகிதத்தில் இந்தச் சிரைகளைத்தான் வரைந்து காட்டினேன்.

இரத்த ஓட்டம் மட்டுமே விடையாகிவிடாது என்பதைக் கண்டவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைப் படித்து, 1889 இல் லான்செட் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மண்ணீரலுக்கும் தாராளமாக இரத்தம் போகிறது. அப்படியிருந்தும் அங்கே கட்டிகள் அரிதாகவே இருந்தன, கல்லீரலிலோ அவை மிகுதியாக இருந்தன. விதை எல்லாத் திசையிலும்தான் பறக்கிறது, ஆனால் ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்று அவர் இதை விளக்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஜேம்ஸ் யூயிங், எல்லாம் இரத்தக் குழாய்களின் அமைப்பைப் பொறுத்ததுதான் என்று மறுத்தார். பிறகு 1970களில் ஐசையா ஃபிட்லர், எலிகளின் இரத்தத்தில் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்தி ஆராய்ந்து, இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு என்று நிறுவினார். செல்கள் போய்ச் சிக்கும் இடத்தை ஓட்டமும் தந்துகிகளும் தீர்மானிக்கின்றன. அங்கே அவை பிழைத்துப் பெருகுமா என்பதை அந்த உறுப்பின் சூழல் தீர்மானிக்கிறது.

ஃபிட்லரின் சோதனைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. இரத்தத்தில் சேர்ந்த செல்களில் நூற்றுக்கு 0.1 கூடத் தேறாமல், ஏறத்தாழ அத்தனையும் அழிந்துபோயின. அதாவது இரத்தத்தில் கழன்று விழும் செல்களில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் கட்டியாக வளர்வதில்லை. பயாப்ஸிக்கு ஊசி குத்தினால் நோய் உடலெங்கும் பரவிவிடும் என்ற பயத்தில் சோதனையைத் தள்ளிப்போடும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண் எனக்கு நினைவுக்கு வரும். பிழைத்துக்கொள்ளும் அந்த ஒரு செல்லும் உடனே வளர்ந்துவிடும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பெருகாமல் உறங்கிக் கிடந்து, என்றோ ஒரு நாள் விழித்துக்கொள்வதும் உண்டு. ஹார்மோன் வாங்கிகள் உள்ள மார்பகப் புற்றுநோயில் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துக்கூட அப்படி நடக்கிறது. அக்கா மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை, பரிசோதனைக்குப் போகவில்லை, மாடியேறித் துணி துவைத்தார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் எதையும் தவறவிட்டவர் இல்லை. முதல் அறுவை சிகிச்சை நடந்த நாளிலேயே ஏதோ ஒரு செல் நுரையீரலில் தங்கியிருந்திருக்கலாம். அது அன்றைய எந்த ஸ்கேனிலும் தெரிந்திருக்காது.

அறிகுறிகளைப் பொறுத்தவரை நுரையீரல் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது. அதன் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால், நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் பல இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் நிறைய உண்டு. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையைக் கட்டி தொட்டால்தான் வலிக்கும். மூச்சுக்குழாயை நெருங்கினால் வறட்டு இருமலோ சளியில் இரத்தமோ வரும். உறைக்குள் நீர் கோத்துக்கொண்டாலோ, நிணநீர்க் குழாய்கள் வழியாக நோய் வலைபோல் படர்ந்தாலோ மூச்சு முட்டத் தொடங்கும். அக்காவுக்கு வந்தது விடாத வறட்டு இருமல். நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் என்றால் டிபியை முதலில் நினைப்பது சரியான பழக்கம்தான். ஆனால் அக்கா முதலில் போன மருத்துவமனையில், எக்ஸ்ரேயில் நிழல்கள் தெரிந்ததும், சளியில் கிருமி எதுவும் தென்படாத நிலையிலேயே டிபி மாத்திரைகளைத் தொடங்கிவிட்டார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்போதெல்லாம் மருந்து வேலை செய்கிறது என்று அக்கா நம்பினார். மார்பகத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தவர் என்பது அவருடைய நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. மாதங்கள் வீணாயின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. முன்பு எந்த உறுப்பில் புற்றுநோய் வந்திருந்தாலும், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், சாதாரண இருமலுக்குப் பார்க்கும் மருத்துவரிடமும் அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும் என்று நான் எல்லோரையும் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. புற்றுநோய் வந்தவரின் நுரையீரலில் முடிச்சு தெரிந்தவுடன் அது பரவல்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழைய டிபியின் தழும்பு, பூஞ்சைத் தொற்று, சார்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோய், ஏன், நுரையீரலிலேயே புதிதாகத் தோன்றிய வேறொரு புற்றுநோய்கூட அப்படித் தெரியலாம். பெட் ஸ்கேனில் ஒளிர்கிறதே என்றால், அந்த ஸ்கேன் காட்டுவது சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைத்தான். டிபியால் வீங்கிய இடமும் அதேபோல் ஒளிரும். ஒரேயொரு முடிச்சு மட்டும் தெரியும்போது இந்த ஐயம் இன்னும் வலுவானது. ஆகவே வாய்ப்பிருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பார்ப்பதே நேர்மையான வழி.

சி.டி.யின் உதவியோடு ஊசி செலுத்தி எடுக்கும் அந்தத் துணுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். ஊசி குத்திய இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் சற்றுச் சுருங்கும் ஆபத்து உண்டு என்பதால் சில மணி நேரம் படுக்க வைத்து, மறுபடியும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். துணுக்கு ஃபார்மலின் புட்டியில் எங்களிடம் வரும். ஒரு நாள் முழுக்கப் பல கரைசல்களில் ஊறவைத்து, நீரை அகற்றி, உருகிய பாரஃபின் மெழுகில் பதித்தால் அதுவே ‘ப்ளாக்’. அதைக் குளிர வைத்து, மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் மூன்று நான்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்போம். சிவப்பும் நீலமுமான வழக்கமான சாயத்தில் புற்றுநோய் என்பது தெரிந்துவிடும். எங்கிருந்து வந்தது என்பது பல நேரம் அதில் தெரியாது. அதற்குத்தான் ஐஹெச்சி என்று நாங்கள் சொல்லும் சோதனை.

ஒவ்வோர் உறுப்பின் செல்லும் தனக்கே உரிய சில புரதங்களை உண்டாக்குகிறது. அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தகட்டின் மீது விட்டு, பிறகு சாயம் ஏற்றினால், புரதம் உள்ள இடம் பழுப்பாக மாறும். டிடிஎஃப்-1 பழுப்பானால் நுரையீரலோ தைராய்டோ. சிடிஎக்ஸ்-2 என்றால் குடல். பாக்ஸ்-8 என்றால் சிறுநீரகம், சூலகம், தைராய்டு. கேட்டா-3, ஈஸ்ட்ரோஜன் வாங்கி இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் மார்பகம். எந்த ஒரு குறியும் தனித்து நூற்றுக்கு நூறு உறுதி தராது என்பதால் மருத்துவர் நாலைந்தைச் சேர்த்துக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீவல் வேண்டும் என்பதால் சின்னத் துணுக்கை நாங்கள் மிகவும் சிக்கனமாகச் சீவுவோம். அக்காவின் தகட்டைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. டிடிஎஃப்-1 தகட்டில் நுரையீரலின் இயல்பான செல்கள் மட்டும் ஓரத்தில் பழுப்பாகியிருக்க, நடுவில் கட்டியின் செல்கள் வெளிர்நீலமாகவே நின்றன. ஈஸ்ட்ரோஜன் வாங்கித் தகட்டில் அதே செல்களின் உட்கருக்கள் ஒன்று விடாமல் அடர்பழுப்பாக இருந்தன. அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்று அத்தானிடம் சொன்னபோது அவருக்கு என் மேல் கோபம் வந்தது. புற்றுநோயைப் பார்த்து மகிழ்ச்சியா என்று கேட்டார். மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடிய வகை அது என்பதை அவருக்கு விளக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

தோன்றிய இடம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. கர்ப்பத்தின் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து தோன்றும் கோரியோகார்சினோமா, இளம்பெண்களின் நுரையீரலுக்கு விரைந்து பரவிச் சில மாதங்களில் உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தைக் கொடுத்து, நுரையீரல் நிறையக் கட்டிகள் இருந்த நோயாளிகளின் எக்ஸ்ரே தெளிவானதை 1956 இல் வெளியிட்டனர். எக்ஸ்ரே தெளிந்த பிறகும் சிறுநீரில் அந்த நோய்க்குரிய ஹார்மோன் முற்றிலும் மறையும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்று லி பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்துக்காக அவர் அந்த நிறுவனத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. பின்னாளில் அவர் சொன்னதே சரி என்று ஆகி, 1972 இல் லஸ்கர் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவரானார். பரவிய திடக்கட்டி ஒன்று மருந்தாலேயே குணமானது அதுவே முதல் முறை.

அடுத்தது ஆண்களின் விரையில் தோன்றும் விரைப்புற்றுநோய். 1974 இல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினைப் பிற இரண்டு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். நுரையீரலுக்குப் பரவிய நிலையில் வந்த இளைஞர்களும் முழுமையாகக் குணமாகித் திருமணம், குழந்தைகள் என்று வாழ்ந்தார்கள். யுவராஜ் சிங்குக்கு நோய் வந்த செய்தி 2012 இல் வெளியானபோது நுரையீரல் புற்றுநோய் என்றே நம்மில் பலர் பேசிக்கொண்டோம். அவருக்கு வந்தது இரு நுரையீரல்களுக்கும் நடுவே, மார்பின் இடைப்பகுதியில் தோன்றிய செமினோமா; விரைப்புற்றுநோயின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதே சிஸ்பிளாட்டின் வகை மருந்துகளுக்குக் கரையக்கூடியது. அமெரிக்காவில் கீமோ முடித்துக்கொண்டு அதே ஆண்டு செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் மட்டை பிடித்தார். தைராய்டு புற்றுநோயில் இன்னும் விந்தையானது நடக்கிறது. தைராய்டு செல் அயோடினைத் தேடி உறிஞ்சும் இயல்புடையது. நுரையீரலில் பொடிப்பொடியாகப் பரவிய பிறகும் பலருக்கு அந்த இயல்பு மாறுவதில்லை. கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்தால் அது தானாகவே அந்தச் செல்களுக்குள் போய் அவற்றை அழிக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் அயோடின் ஸ்கேனில் மட்டும் நுரையீரல் முழுவதும் ஒளிரும் இளம் நோயாளிகள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். இவர்கள் எல்லோருடைய ஸ்கேன் அறிக்கையிலும் ஏறத்தாழ நான் முதலில் சொன்ன அதே வரிதான் இருக்கும்.

அறுத்து எடுத்துவிடலாமே என்ற கேள்வியும் குடும்பங்களில் எழும். 1933 இல் பாஸ்டனில் ஒரு பெண்ணின் நுரையீரலில் இருந்த ஒற்றைக் கட்டியையும், அது தோன்றிய சிறுநீரகத்தையும் பார்னி, சர்ச்சில் என்னும் இரு மருத்துவர்கள் அகற்றினார்கள். அவர் அதன் பிறகு 23 ஆண்டுகள் வாழ்ந்து, இதய நோயால் இறந்தார். பல நாடுகளிலிருந்து 5,206 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1997 இல் வெளியான பதிவேட்டில், பரவிய கட்டிகளை முழுவதுமாக அகற்ற முடிந்தவர்களில் 36 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளைக் கடந்திருந்தனர். ஆனால் அறுவைக்கு அனுப்பப்படுபவர்கள் ஏற்கெனவே நோய் மெதுவாக வளர்பவர்கள், கட்டிகள் குறைவாக உள்ளவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. குடல் புற்றுநோய் பரவியவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட முயன்ற பிரிட்டன் ஆய்வில் 93 பேர்தான் சேர்ந்தனர். அதில் அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வாழ்நாளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. சிறிய ஆய்வு என்பதால் அதை வைத்துக் கதவை மூடிவிடவும் முடியாது. தோன்றிய இடத்தில் நோய் அடங்கியிருக்க வேண்டும், நுரையீரலைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது, எல்லா முடிச்சுகளையும் எடுத்த பிறகும் மூச்சுக்குப் போதிய நுரையீரல் மிஞ்ச வேண்டும்; இந்த மூன்றும் பொருந்தினால் அறுவை மருத்துவரின் கருத்தைக் கேட்பது நல்லது. எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு இது இன்றும் சிகிச்சையின் முக்கியமான பகுதி.

அக்காவுக்கு அறுவை பொருந்தவில்லை. முடிச்சுகள் இரு பக்கமும் நிறைய இருந்தன. தினமும் லெட்ரோசோல் மாத்திரையும், 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தும் பால்போசிக்ளிப் மாத்திரையும் தொடங்கினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வொன்று 2016 இல் வெளியானது. நோய் முன்னேறாமல் நின்ற காலத்தின் இடைநிலை அதில் 24.8 மாதங்கள், லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 14.5 மாதங்கள். இடைநிலை என்றால் பாதிப் பேருக்கு அதைவிட அதிகம், பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு என்று பொருளே தவிர, ஒருவருக்கும் விதிக்கப்பட்ட கெடு அன்று. பால்போசிக்ளிப்பின் காப்புரிமை இந்தியாவில் 2023 தொடக்கத்தில் முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரை வந்த பிறகு விலை வெகுவாக இறங்கியது. அதற்கு முன்பு நகையை விற்று வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இருமல் சில வாரங்களில் அடங்கியது. அக்கா மறுபடி தையல் இயந்திரத்தில் அமர்கிறார். வெள்ளணுக்கள் குறையும் வாரங்களில் கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. இது நோயை அடக்கி வைக்கும் சிகிச்சை, வேரோடு நீக்கும் சிகிச்சை இல்லை என்பது அவருக்குத் தெரியும்; ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தின வாரமும் அவர் சரியாகத் தூங்குவதில்லை. என்றோ ஒரு நாள் மாத்திரை வேலை செய்யாமல் போகலாம், அப்போது அடுத்த மருந்து என்ன என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.

கணையம் போன்ற இடங்களிலிருந்து பரவியதென்றால் இன்றுள்ள மருந்துகள் இந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அங்கேயும் தோன்றிய இடத்தைத் தெரிந்துகொள்வது பயனுள்ளதுதான். எந்தக் கீமோவின் துன்பம் தாங்கத் தகுந்தது, எது தகுந்ததன்று என்று குடும்பம் தெளிவாக முடிவெடுக்க அது உதவும்.

எங்கிருந்து வந்திருந்தாலும் பொதுவாக இருப்பது மூச்சுத் திணறல். உறைக்குள் நீர் கோத்திருந்தால் ஊசி வைத்து எடுப்பார்கள். ஒரே நேரத்தில் ஒன்று, ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுத்தால் நுரையீரல் திடீரென்று விரிந்து தானே நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் நிறுத்தி நிறுத்தித்தான் எடுப்பார்கள், மீதியை விட்டுவிட்டார்களே என்று பதற வேண்டியதில்லை. மறுபடி மறுபடி நீர் சேர்ந்தால் டால்க் தூளைச் செலுத்தி உறையை ஒட்டவைக்கவோ, வீட்டிலேயே வடித்துக்கொள்ளும்படி ஒரு சிறு குழாயைப் பொருத்தவோ முடியும். முன்னால் ஒரு மேசையில் தலையணை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றிச் சாய்ந்து உட்காருவதும், கையடக்க மின்விசிறியைக் கன்னத்துக்கும் மூக்குக்கும் நேராகப் பிடிப்பதும் மூச்சை உண்மையிலேயே எளிதாக்குகின்றன. முகத்தில் காற்றுப் படும்போது அங்குள்ள நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்தி மூச்சுத் திணறும் உணர்வைத் தணிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கும் அடங்காத திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுப்பார்கள். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டவுடன் கடைசி நேரம் வந்துவிட்டது என்று குடும்பம் கலங்குகிறது. அளவறிந்து கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. 2014 இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத்துக்காக அது கிடைக்கும் வழியை நம் நாடாளுமன்றமே எளிதாக்கியது. வலிநிவாரணப் பிரிவு மருத்துவரை முதல் மாதத்திலேயே பார்த்து வைப்பது நல்லது. கீமோ நடக்கும்போதே அவர்களும் உடனிருக்கலாம்.

கடைசியாக, என் தொழிலிலிருந்து ஒரு வேண்டுகோள். மருத்துவமனை மாறும்போது எல்லோரும் ஸ்கேன் படங்களையும் டிஸ்சார்ஜ் தாளையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முதல் அறுவை சிகிச்சையின் பாரஃபின் ப்ளாக்கை யாரும் கேட்டு வாங்குவதில்லை. நுரையீரலில் எடுத்த துணுக்கை அந்தப் பழைய கட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், இடையில் வாங்கிகள் மாறியிருக்கின்றனவா என்று அறியவும், புதிய மரபணுச் சோதனைகளைச் செய்யவும் அந்த ப்ளாக்தான் உதவும். நுரையீரலில் மறுபடி ஊசி குத்த முடியாத நிலையில் சில நேரம் அது ஒன்றே கையில் இருக்கும் திசு. அறுவை நடந்த மருத்துவமனையின் பெத்தாலஜி பிரிவில், பயாப்ஸி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டால், கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். ஆண்டுகள் பல ஆனால் அழித்துவிடும் இடங்களும் உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம். வாங்கியதும் அதன் ஓரத்தில் எழுதியுள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபாருங்கள். சிறிய நெகிழி டப்பாவில் போட்டு வீட்டில் குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.